பத்தடி உயரத்தில் ஒரு கூடை



இன்றைய பேச்சு ஒரு விளையாட்டைப் பற்றியது. அதன் பெயர் கூடைப்பந்து. பாஸ்கெட் பால் என்று சொன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உடனே தலையாட்டுவார்கள். "விளையாட்டைப் பற்றிப் பெரியவர்களுக்கு என்ன பேச்சு?" என்று பின்வரிசையில் யாராவது கேட்கலாம். ஊரில் விளையாட இடம் வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்கள் பெரியவர்கள். மகள் விளையாடப் போகலாமா, கூடாதா என்று முடிவு செய்கிறவர்களும் பெரியவர்களே. அதனால்தான் இந்தப் பேச்சு உங்களுக்கு.

கழக்கூட்டத்தில் இருந்து தொடங்கலாம்.

நாகர்கோவிலில் இருந்து கொல்லம் போகும் ரயிலில் ஏறுங்கள். திருவனந்தபுரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு நிலையம் வரும். அதுதான் கழக்கூட்டம். கன்னியாகுமரியில் இருந்து கேரளம் வழியாகப் போகும் 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் இந்த ஊரைத் தொட்டுத்தான் போகிறது. முன்பு இது தனி ஊராட்சி. 1962-ல் இங்கே சைனிக் பள்ளி வந்தது. ராணுவ அதிகாரியாக விரும்பும் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி அது. 1990-ல் டெக்னோபார்க் என்ற கணினித் தொழில் பூங்கா தொடங்கியது. 2010-ல் கழக்கூட்டம் ஊராட்சி, திருவனந்தபுரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. 2022-ல் நெடுஞ்சாலை மேம்பாலமும் திறந்தார்கள். இன்று அது நகரம்.

ஊர் நகரமானால் என்ன ஆகும்? வீடு வரும். கடை வரும். விடுதி வரும். வண்டி நிறுத்த இடம் வேண்டியிருக்கும். நிலத்தின் விலை ஏறும். முதலில் காணாமல் போவது எது தெரியுமா? பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்த பொட்டல்தான். இது கழக்கூட்டத்துக்கு மட்டும் உள்ள கதை அல்ல. கோயம்புத்தூர் ஓரத்திலும் இதே கதை. சென்னை ஓரத்திலும் இதே கதை. உங்கள் ஊரை நினைத்துப் பாருங்கள். நீங்கள் சின்ன வயதில் ஓடி ஆடிய இடத்தில் இன்று என்ன இருக்கிறது?

இங்கேதான் கூடைப்பந்து உதவிக்கு வருகிறது. ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள்.

பெரிய போட்டிகளுக்கான கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். பெருக்கினால் 7140 சதுர மீட்டர். நம் பக்கத்துக் கணக்கில் 176 சென்ட். அதாவது ஒன்றே முக்கால் ஏக்கர். நகரத்துக்குள் அவ்வளவு இடத்தை யார் தருவார்கள்? கூடைப்பந்து ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். பெருக்கினால் 420 சதுர மீட்டர். பத்தரை சென்ட்டுக்குள் அடங்கிவிடும். ஓடி வருகிறவர்கள் நிற்பதற்குச் சுற்றிலும் 2 மீட்டர் விட்டாலும் 15 சென்ட் போதும். பரப்பளவில் ஒரு கால்பந்து மைதானம் 17 கூடைப்பந்து ஆடுகளங்களுக்குச் சமம்.

மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் மழை அதிகம். மண் மைதானம் சேறாகிவிடும். சிமெண்ட் தளம் வெயில் பட்டதும் காய்ந்துவிடும். (ஈரம் காய்வதற்குள் அவசரப்பட்டு ஆடக்கூடாது. வழுக்கி விழுந்து கை ஒடித்துக்கொண்டவர்கள் உண்டு.)

சரி, இந்த விளையாட்டு எங்கே பிறந்தது?

அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்று ஒரு நகரம். அங்கே ஒய்.எம்.சி.ஏ. சங்கம் நடத்திய பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். கடுமையான குளிர். வெளியே பனி. மாணவர்கள் ஒரு கூடத்துக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். கையை நீட்டு, காலை மடக்கு என்ற பயிற்சியே தினமும். அவர்களுக்குச் சலித்துப்போயிற்று. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியரிடம், "கூடத்துக்குள் ஆட ஒரு விளையாட்டைக் கண்டுபிடியுங்கள்" என்று சொன்னார்கள். அவர் கனடாவில் பிறந்தவர்.

நெய்ஸ்மித் யோசித்தார். கூடத்துக்குள் பந்தை உதைத்தால் கண்ணாடி உடையும். பந்தோடு ஓடினால் ஒருவரை ஒருவர் இடித்துக் கீழே தள்ளுவார்கள். ஆகவே பந்தைக் கையால்தான் எறிய வேண்டும். பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது. இலக்கைத் தலைக்கு மேலே உயரத்தில் வைத்துவிட்டால் முரட்டு வேகம் பயன்படாது. குறி பார்த்து மெதுவாகத்தான் எறிய வேண்டும். இதுதான் அவருடைய யோசனை.

இலக்குக்கு என்ன செய்வது? அவர் பெட்டி கேட்டார். பெட்டி இல்லை. பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகளை வேலைக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் கூடத்தில் மேல்மாடத்தின் கைப்பிடிச் சட்டம் பத்தடி உயரத்தில் இருந்தது. அதில் கூடைகளை ஆணி அடித்து மாட்டினார்கள். அந்தப் பத்தடி இன்றுவரை மாறவில்லை. உலகத்தில் எங்கே பெரியவர்கள் ஆடும் போட்டிக்குப் போனாலும் வளையம் பத்தடி உயரத்தில்தான் இருக்கும்.

வகுப்பில் 18 பேர். பக்கத்துக்கு 9 பேராகப் பிரிந்து ஆடினார்கள். ஒரே ஒரு முறைதான் பந்து கூடைக்குள் விழுந்தது. கூடைக்கு அடிப்பாகம் உண்டு அல்லவா? விழுந்த பந்து உள்ளேயே தங்கிவிடும். ஏணி வைத்து ஏறித்தான் எடுக்க வேண்டும். அடியைத் திறந்துவிடலாமே என்ற எளிய யோசனை எல்லோருக்கும் பழக்கமாவதற்குச் சில ஆண்டுகள் ஆயின.

ஒய்.எம்.சி.ஏ. சங்கத்துக்குப் பல நாடுகளில் கிளைகள் இருந்தன. விளையாட்டும் அவர்களோடு பயணம் செய்தது. நம் பக்கத்தில் சென்னைதான் அதற்கு வாசல். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் சென்னையில் உடற்கல்விப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்று அது நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியாக இருக்கிறது. அங்கே படித்த உடற்கல்வி ஆசிரியர்கள் ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போனார்கள். பந்தும் அவர்களோடு போனது. இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக்கில் ஒரே ஒரு முறைதான் ஆடியது. 1980-ல், மாஸ்கோவில். கடைசி இடம்தான் கிடைத்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

இனி ஆட்டத்தைப் பார்க்கும் விதம். பலர் ஆடுகளத்தின் ஓரத்தில் இரண்டு நிமிடம் நிற்பார்கள். "அங்கும் இங்கும் ஓடுகிறார்கள், ஒன்றும் புரியவில்லை" என்று போய்விடுவார்கள். எழுத்துத் தெரியாதவருக்குப் புத்தகம் எப்படியோ, விதி தெரியாதவருக்கு ஆட்டம் அப்படித்தான். நாலைந்து விஷயம் தெரிந்தால் போதும்.

ஒரு அணிக்கு ஐந்து பேர் களத்தில் இருப்பார்கள். மற்றவர்கள் வெளியே பெஞ்சில் இருப்பார்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். பத்துப் பத்து நிமிடமாக நான்கு பகுதி. மொத்தம் 40 நிமிடம். பந்து வெளியே போனால் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள். அதனால் ஆட்டம் முடிய ஒன்றரை மணி நேரம்கூட ஆகும்.

பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது. தரையில் தட்டிக்கொண்டே ஓட வேண்டும். தட்டுவதை நிறுத்திப் பிடித்துவிட்டால் பிறகு மறுபடி தட்ட முடியாது. எறிய வேண்டும், அல்லது கூட ஆடுகிறவருக்குக் கொடுக்க வேண்டும்.

புள்ளிக் கணக்கு இது. வளையத்தில் இருந்து 6.75 மீட்டர் தூரத்தில் வளைவாக ஒரு கோடு போட்டிருப்பார்கள். ஓரங்களில் மட்டும் தூரம் சற்றுக் குறையும். அந்தக் கோட்டுக்கு உள்ளே இருந்து போட்டால் 2 புள்ளி. வெளியே இருந்து போட்டால் 3 புள்ளி. எதிராளி தப்பாட்டம் ஆடியதற்காகத் தனியாக நின்று எறிய விடுவார்களே, அதற்கு 1 புள்ளி. ஒரு அணி இரண்டு புள்ளிக் கூடை 20, மூன்று புள்ளிக் கூடை 6, ஒரு புள்ளிக் கூடை 9 போட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் எத்தனை? 40, 18, 9. கூட்டினால் 67. பலகையில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள்.

நடுவரின் கையைக் கவனியுங்கள். முட்டி மடக்கிய கையை மேலே தூக்கினால் தப்பாட்டம். ஃபவுல் என்பார்கள். விரித்த உள்ளங்கையைத் தூக்கினால் விதிமீறல். இரண்டு முட்டிகளையும் ஒன்றைச் சுற்றி ஒன்று சுழற்றினால், பந்தோடு நடந்துவிட்டார் என்று பொருள். ஒருவர் 5 ஃபவுல் செய்தால் வெளியேற வேண்டியதுதான். அதனால் நல்ல ஆட்டக்காரருக்கு 4 ஃபவுல் ஆகிவிட்டால் பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். அவரை உள்ளே வைப்பதா, வெளியே எடுப்பதா என்று பயிற்சியாளர் தவிப்பார். அதைப் பார்ப்பதே தனிச் சுவை.

இன்னொரு கடிகாரமும் உண்டு. அது பலகைக்கு மேலே இருக்கும். 24, 23, 22 என்று இறங்கும். பந்து கைக்கு வந்த அணி 24 நொடிக்குள் வளையத்தை நோக்கி எறிய வேண்டும். இந்த 24 எங்கிருந்து வந்தது? அது ஒரு நல்ல கதை.

1950 நவம்பர் 22. அமெரிக்காவில் ஃபோர்ட் வேய்ன் அணிக்கும் மினியாபொலிஸ் அணிக்கும் ஆட்டம். மினியாபொலிஸ் அணி பலமானது. அதனால் ஃபோர்ட் வேய்ன் அணி ஒரு தந்திரம் செய்தது. பந்தை எறியாமல் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தியது. 48 நிமிட ஆட்டம் 19-க்கு 18 என்று முடிந்தது. காசு கொடுத்து வந்த மக்கள் கூச்சல் போட்டார்கள். இப்படிப் போனால் யார் பார்க்க வருவார்கள்?

டேனி பயசோன் என்பவர் ஒரு அணியின் உரிமையாளர். அவர் ஒரு கணக்குப் போட்டார். விறுவிறுப்பான ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து சுமார் 120 முறை எறிகின்றன. ஆட்டம் 48 நிமிடம். நொடியாக்கினால் 48-ஐ 60-ஆல் பெருக்க வேண்டும். 2880. அதை 120-ஆல் வகுத்தால் 24. அவ்வளவுதான் கணக்கு. 1954-ல் அதையே விதியாக்கினார்கள். 2000 முதல் உலகப் போட்டிகளிலும் 24 நொடிதான். நீங்கள் வகுப்பில் கற்ற அதே வகுத்தல் ஒரு விளையாட்டைக் காப்பாற்றியிருக்கிறது.

பார்க்கிறவர்களுக்கு இன்னும் ஒரு யுக்தி. பந்தையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பந்து இல்லாதவர்களைப் பாருங்கள். ஒருத்தி ஓடிப்போய் எதிராளியின் வழியில் சும்மா நிற்பாள். கை ஓங்க மாட்டாள், இடிக்க மாட்டாள், அசையவும் மாட்டாள். அவள் நிற்பதால் எதிராளி ஒரு நொடி தடுமாறுவாள். அந்த ஒரு நொடியில் இவளுடைய தோழி காலியான இடத்துக்குப் போய்ப் பந்தை வாங்கிப் போட்டுவிடுவாள். கைதட்டல் பந்து போட்டவளுக்கு. வேலை செய்தவள் நின்றவள். வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருத்தி, அவள் என்று சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். பெண்களின் ஆட்டத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

நெய்ஸ்மித் விளையாட்டைக் கண்டுபிடித்த மறு ஆண்டே செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதைப் பெண்கள் கல்லூரிக்குக் கொண்டுபோனார். அமெரிக்காவில் ஸ்மித் கல்லூரி. 1893 மார்ச் மாதம் அங்கே இரண்டு வகுப்புப் பெண்கள் மோதினார்கள். பார்க்க ஆண்களை உள்ளே விடவில்லை. பெண்கள் ஓடி ஆடுவதை ஆண்கள் பார்ப்பது தகாது என்று அந்தக் காலத்து அமெரிக்காவும் நினைத்தது. அதிகம் ஓடினால் பெண்களுக்கு ஆகாது என்றும் நினைத்தார்கள். ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டார்கள். அவரவர் பகுதியை விட்டுத் தாண்டக் கூடாது என்றார்கள். ஆண்களின் கூடைப்பந்து 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. பெண்களுக்கு அந்த இடம் 1976-ல் மாண்ட்ரியலில்தான் கிடைத்தது. நாற்பது ஆண்டு இடைவெளி.

கேரளத்தில் பெண்கள் கூடைப்பந்துக்கு நல்ல பெயர் உண்டு. கோட்டயத்துக்குப் பக்கத்தில் கொல்லாடு என்ற ஊரைச் சேர்ந்தவர் கீது அன்னா ஜோஸ். ஆறடிக்கு மேல் உயரம். தெற்கு ரயில்வேயில் வேலை. இந்திய அணிக்குத் தலைமை ஏற்றார். ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் அணிக்கு ஆடினார். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் லீகில் மூன்று அணிகள் அவரை அழைத்து ஆடச் சொல்லிப் பார்த்தன. இடம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வாசல் வரை ஒரு கோட்டயத்துப் பெண் போய் நின்றாள். 2014-ல் அர்ஜுனா விருது பெற்றார். வயநாட்டில் இருந்து வந்த பி.எஸ். ஜீனா, கேரள மின்வாரிய அணியில் ஆடியவர். அவரும் பிறகு ரிங்வுட் அணிக்கு ஆடினார். 2018 ஜனவரியில் சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் கேரளப் பெண்கள், பலம் வாய்ந்த ரயில்வே அணியைத் தோற்கடித்துக் கோப்பையை வாங்கினார்கள்.

தமிழ்நாட்டில் அனிதா பால்துரை. சென்னைக்காரர். 19 வயதில் இந்திய அணியின் தலைவி ஆனார். 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியப் போட்டிகளில் ஆடினார். நடுவில் குழந்தை பெற்றார். "இனி என்ன ஆட்டம்?" என்று யாரும் கேட்பார்கள். அவர் மறுபடி பயிற்சிக்குப் போனார். 2017 ஜூலையில் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டம். கசகஸ்தான் 73. இந்தியா 75. ஒரே ஒரு கூடை வித்தியாசம். அந்த வெற்றியால் இந்தியப் பெண்கள் முதல் பிரிவுக்கு உயர்ந்தார்கள். அந்த அணியில் அனிதாவும் இருந்தார், ஜீனாவும் இருந்தார். 2021-ல் அனிதாவுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள்.

"எல்லோருக்கும் இப்படி வாய்க்குமா?" வாய்க்காது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலும் மின்வாரியத்திலும் வேலை கிடைப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். அதைக் காட்டி ஆசை ஊட்டுவது சரியல்ல. பிள்ளையின் உடம்புக்காகவும் மனசுக்காகவும்தான் முதலில் விளையாட்டு.

ஆனால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் என்ன நடக்கிறது? அதுவரை தெருவில் ஓடிய மகள் வயதுக்கு வருகிறாள். அன்றோடு விளையாட்டு முடிந்தது. தம்பி பந்தை எடுத்துக்கொண்டு போகிறான். அக்கா ஜன்னலில் நிற்கிறாள். யாரும் சண்டை போட்டு நிறுத்துவதில்லை. சத்தமில்லாமல் நின்றுவிடுகிறது.

வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "வெயிலில் கருத்துவிடுவாள்" என்கிறார்கள். கருத்தால் என்ன? "அரைக்கால் சட்டை போட வேண்டுமே" என்கிறார்கள். முழுக்கால் சட்டை போட்டு ஆடலாம், தலையில் முக்காடு போட்டும் ஆடலாம். 2017-ல் உலகக் கூடைப்பந்துச் சங்கமே தலைத்துணிக்கு இடம் கொடுத்து விதியை மாற்றியது. "மாதவிலக்கு நாளில் எப்படி ஆடுவாள்?" என்கிறார்கள். ஆடக் கூடாது என்று மருத்துவம் சொல்லவில்லை. உடம்பு ஒத்துக்கொண்டால் ஆடலாம், வலித்தால் உட்காரலாம். "குள்ளமாக இருக்கிறாளே" என்கிறார்கள். உயரம் உதவும். ஆனால் அமெரிக்காவின் மிகப் பெரிய லீகில் மக்ஸி போக்ஸ் என்பவர் 1987 முதல் 2001 வரை ஆடினார். அவர் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். நம் தெருவில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்காத உயரம்.

ஒரு பயத்தை மட்டும் அப்படித் தள்ளிவிட முடியாது. "இருட்டிய பிறகு எப்படி வருவாள்? சொல்லிக் கொடுக்கிறவர் எப்படிப்பட்டவர்?" இது நியாயமான கேள்வி. கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் இதற்குப் பதில் மகளை வீட்டில் வைப்பது அல்ல. நேரில் போய்ப் பாருங்கள். பயிற்சியாளர் யார்? பெண் பயிற்சியாளரோ ஆசிரியையோ உடன் இருக்கிறாரா? கழிப்பறை இருக்கிறதா? அதற்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? தெருவிளக்கு எரிகிறதா? நாலு பெண்கள் சேர்ந்து போய், சேர்ந்து வருகிறார்களா? ஒரு நாள் அம்மா, ஒரு நாள் அத்தை என்று முறை வைத்து ஓரத்தில் உட்காரலாம். சும்மா உட்கார வேண்டாம். புள்ளிக் கணக்கை எழுதுங்கள்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். முதலில் கேலி செய்தவர்கள் பிறகு பேசாமல் இருந்துவிட்டார்கள். கழக்கூட்டம் சைனிக் பள்ளியிலும் தொடங்கிய நாள் முதல் ஆண்பிள்ளைகள் மட்டும்தான். 2021-ல் முதன்முறையாகப் பெண்பிள்ளைகளைச் சேர்த்தார்கள். சைனிக் பள்ளிகளில் மாலை விளையாட்டு கட்டாயம். யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மணி அடித்தால் மைதானத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

கழக்கூட்டத்துக்குப் பக்கத்தில் காரியவட்டம் இருக்கிறது. அங்கே லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி 1985 முதல் நடக்கிறது. உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரி. இந்திய விளையாட்டு ஆணையத்தின் கீழ் உள்ளது. 2015 தேசிய விளையாட்டுக்காகக் கட்டிய பெரிய மைதானமும் காரியவட்டத்தில்தான். கிரிக்கெட் ஆட்டம் என்றால் அங்கே ஊரே திரளும். விளையாட்டு ஆணையம் 2011-ல் "வாருங்கள், விளையாடுங்கள்" என்ற பொருளில் ஒரு திட்டம் தொடங்கியது. தன் மைதானங்களைப் பக்கத்து ஊர் மக்களும் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் நோக்கம். உங்கள் ஊருக்கு அருகில் அரசு மைதானமோ கல்லூரி மைதானமோ இருந்தால் வாசலில் நின்று திரும்ப வேண்டாம். எந்த நேரம் திறப்பார்கள், கட்டணம் உண்டா என்று உள்ளே போய்க் கேளுங்கள். நம் வரிப்பணத்தில் போட்ட தளம் அது.

பெரிய ஆடுகளம் இல்லையா? அரை ஆடுகளம் போதும். ஒரே வளையம், பக்கத்துக்கு மூன்று பேர். பத்து நிமிட ஆட்டம். அதற்குள் யார் 21 புள்ளி எடுத்தாலும் வெற்றி. இதற்கு 15 மீட்டருக்கு 11 மீட்டர் இடம் வேண்டும். 165 சதுர மீட்டர். நான்கு சென்ட். தெரு ஓரத்தில் பிறந்த இந்த ஆட்டம் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே சேர்ந்துவிட்டது. நவி மும்பையில் ஒரு மேம்பாலத்தின் அடியில் கூடைப்பந்து ஆட இடம் அமைத்திருக்கிறார்கள். வெயில் இல்லை, மழை இல்லை. மேலே வண்டி ஓடுகிறது, கீழே பந்து ஓடுகிறது. மேம்பாலம் உள்ள ஊர்க்காரர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

பந்தை எப்படி எறிவது? ஒரு வளையலைக் கழற்றுங்கள். கண்ணுக்கு நேரே படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். ஒரு கோடு போலத் தெரியும். அதையே மேலிருந்து பாருங்கள். முழு வட்டம் தெரியும். பந்துக்கும் வளையம் அப்படித்தான். தட்டையாக எறிந்தால் உள்ளே போக இடம் குறைவு. உயரமாக வளைத்து எறிந்தால் வாய் முழுவதும் திறந்திருக்கும். வளையத்தின் குறுக்களவு 45 சென்டிமீட்டர். பந்தின் குறுக்களவு 24 சென்டிமீட்டர்தான். கால்களைச் சற்று அகட்டி நில்லுங்கள். முழங்காலை மடக்குங்கள். எறியும் கையின் முழங்கை பந்துக்கு நேர் கீழே இருக்கட்டும். மற்றக் கை சும்மா தாங்கட்டும். முழங்காலை நிமிர்த்திக்கொண்டே எறிந்து, கடைசியில் மணிக்கட்டை முன்பக்கம் மடக்குங்கள். முதல் நாள் பலகையைக்கூடத் தொடாது. பக்கத்தில் நின்று போட்டுப் பழகிவிட்டுப் பின்னால் நகருங்கள். நாற்பது வயதுப் பெண்ணும் இதைச் செய்யலாம். மூட்டு வலி உள்ளவர்கள் குதிக்காமல் எறிந்தால் போதும். சின்னப் பிள்ளைகளுக்கு வளையத்தை எட்டடியில் இறக்கி வையுங்கள்.

கடைசியாக, மிக முக்கியமான விஷயம். வளையத்தில் தொங்கக் கூடாது. கம்பத்தைச் சோதிக்காமல் ஆடக் கூடாது. 2025 நவம்பரில் ஹரியானா மாநிலத்தில், சில நாள் இடைவெளியில், இரண்டு இடங்களில் கூடைப்பந்துக் கம்பம் சரிந்து விழுந்தது. இரண்டு இளம் ஆட்டக்காரர்கள் இறந்துபோனார்கள். ஒரு பிள்ளைக்குப் பதினாறு வயதுதான். விளையாடப் போன பிள்ளை வீடு திரும்பவில்லை. கம்பத்தின் அடியைப் பாருங்கள். துரு ஏறியிருக்கிறதா? போல்ட் இறுகியிருக்கிறதா? கையால் தள்ளினால் ஆடுகிறதா? ஆடினால் அன்றே பிள்ளைகளை விலக்குங்கள்.

பிறகு ஒரு தாள் எடுங்கள். உங்கள் வார்டு உறுப்பினருக்கும் ஆணையருக்கும் எழுதுங்கள். ஊராட்சி என்றால் தலைவருக்கு எழுதுங்கள். மேலே தேதி போடுங்கள். வார்டு எண், தெருப் பெயர், ஆடுகளம் இருக்கும் இடம் எழுதுங்கள். "கம்பம் துருப்பிடித்து ஆடுகிறது. உடனே மாற்ற வேண்டும். விளக்கு எரியவில்லை. பெண்களுக்குக் கழிப்பறை இல்லை" என்று ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். ஆடுகளமே இல்லை என்றால், எந்தப் புறம்போக்கில் நான்கு சென்ட் காலியாக இருக்கிறது என்று எழுதுங்கள். அம்மாக்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வேண்டாம், கையெழுத்து. பிள்ளைகளின் வயதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு மனுவை அலுவலகத்தில் நேரில் கொடுங்கள். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வர வேண்டாம்.